வண்டிக்குக் காது குத்திய மாமா

நான்கு சக்கரங்களுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிவிட்டால் ஒரு வண்டி சாலைக்கு வரத் தகுதி பெற்றுவிடுகிறது. பதிவு, காப்புறுதி, சாலை வரி, சோதனைச் சான்று எல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறைச் சடங்குகள். பணிக்காலம் முழுவதையும் வாகனப் பதிவு அலுவலகத்தில் கழித்து, எந்தப் படிவத்தை எந்த முகப்பில் நீட்ட வேண்டும் என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய நான் இப்படி எழுதுவது முறையல்லதான். ஆனால் ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இனி யாரும் என்னிடம் விளக்கம் கேட்க முடியாது.

போன மாதம் என் மகன் புது வண்டி வாங்கினான். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி. ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். வீட்டிலிருந்து ஈப்போ நகரத்து அலுவலகம் வரை தார்ச்சாலையைத் தவிர வேறெதையும் அது பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் பொத்தான் இருக்கிறது. கோயில் வாசலில் பூசை முடிந்து வண்டி நகர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் குனிந்து, முன் சக்கரங்களின் பழங்கள் இரண்டும் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தேன்.

“என்னாம்மா தேடுறீங்க, காதுல போட்டது விழுந்துருச்சா?” என்றான் மகன்.

காதில் போட்டது பற்றி அவன் கேட்டது தற்செயல்தான். எனக்கு மாமாவின் நினைவு வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு முதல் வண்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோர். அதாவது பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை. வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்தை வாங்கிய புது முதலாளி முதல் வேலையாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் லாரியை நிறுத்தினார். துரையின் பழைய ஸ்டேஷன் வேகன் மட்டும் கொட்டகையில் கிடந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற, பெட்டிபோலச் சதுரமான, முன்னால் மூன்று பேரும் பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் மனம்போல எத்தனை பேரும் உட்காரக்கூடிய வண்டி. அதை அப்பா பழைய இரும்பு விலைக்கு வாங்கி, மாடு கட்டி இழுத்துவந்து வீட்டுப் பின்புறத்தில் நிறுத்தினார். நான்கு சக்கர இழுவையை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு மாடு, இரண்டு மனிதர்.

அப்பாவுக்கு இந்தத் துணிச்சல் வந்ததற்குக் காரணம் அக்கா. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் வைத்திருந்த புகுமுக வகுப்பில் ஓராண்டைத் தொலைத்து, ஐந்தாம் படிவத்தை முடித்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது தாண்டியிருந்தது. நல்ல தேர்ச்சி. ஈப்போவில் ஆறாம் படிவம், அதுவும் அறிவியல் பிரிவு, கிடைத்துவிட்டது. ஆனால் ஈப்போ பஸ் விடியுமுன் பெருஞ்சாலை முனைக்கு வந்து போய்விடும். எங்கள் வீட்டுக்கும் அந்த முனைக்கும் நடுவே ரப்பர் காடும், மழை பெய்தால் சோப்புக்கட்டியாகிவிடும் ஒரு செம்மண் மேடும் இருந்தன. வயதுக்கு வந்த பெண்ணை அந்த இருட்டில் சைக்கிளில் அனுப்ப அம்மா தயாராக இல்லை.

அம்மாவிடம் வேறு திட்டம் இருந்தது. அவளுடைய தம்பி, எங்கள் மாமா, ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் மெக்கானிக். நல்ல கைவேலை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, அக்காவைவிட ஆறேழு வயது மூத்தவர். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிற்பாடு இந்த நாட்டின் திருமணச் சட்டமே இதற்கென்று தனியாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. தேடிப் படித்துப் பார்த்திருக்கிறேன். சட்டம் வராத அந்தக் காலத்தில் அம்மாவே சட்டம்.

பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா தீர்ப்பு வழங்கினார்.

“பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வண்டி ஓடுனா புள்ள ஈப்போவுக்குப் போவட்டும். ஓடலேன்னா ஒன் தம்பிக்கே குடுத்துரலாம். சுடா, பேச்சு முடிஞ்சுது.”

அம்மா ஒத்துக்கொண்டாள். அக்கா ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள். எனக்கு இரண்டுமே சம்மதம். ஒன்று நடந்தால் வண்டி, மற்றது நடந்தால் பட்டுப்பாவாடை.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அந்தப் பழைய இரும்பை ஓட வைக்கக்கூடிய ஒரே ஆள் மாமாதான். குத்தகை விதிகளில் இதை நலமுரண் என்பார்கள். தோட்டத்தில் இதை மச்சான் என்பார்கள்.

மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் மெங்லெம்புவில் பழைய சாமான் கடையிலிருந்து பொறுக்கிய உதிரிகள் சாக்கில் கட்டியிருக்கும். வேலையை வண்டியின் முன்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் பின் பெஞ்சில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அடைக்கோழியைக் கலைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். குஞ்சு பொரிக்கும்வரை வண்டியின் பின்பாதி கோழிக்குச் சொந்தம்.

அக்கம்பக்கத்து ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேடிக்கை தேவைப்படவில்லை. குந்தியிருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டே மாமாவைச் சீண்டுவார்கள்.

“மச்சான், ஒரே ஒரு ஆணிய லூசா வுட்டுருலா. ஆவணியில கல்யாணச் சோறு சாப்புடணும் நாங்க.”

“இந்த வண்டியில டைட்டா இருக்கறதே அந்தக் கோழி ஒண்ணுதாண்ணே” என்று வண்டிக்கடியிலிருந்து மாமாவின் குரல் வரும்.

அந்த மாதங்களில் மாமாவின் முகத்தைவிடப் பாதங்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். பாதங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். துரை வண்டியிலேயே விட்டுப்போன ஆங்கிலக் கையேடு அவள் மடியில் இருக்கும். ஓரங்களைக் கரையான் தின்றது போக மீதி இருந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. அவள் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் கீழே கிடந்தபடி அதைத் திருத்துவார்.

“என்னா போட்டிருக்கு?”

“இத சுலபமா கழட்டிரலாம்னு போட்டிருக்கு மாமா.”

“எழுதுனவன வரச் சொல்லு. வந்து கழட்டிட்டுப் போவட்டும்.”

எஞ்சினைப் பிரித்து மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார்கள். நான்தான் தேய்த்தேன், என் தலைமுடியில் அந்த வாசனை தீபாவளிவரை இருந்தது. ஒழுகிய கூரையை ரப்பர் பாலும் பழைய வேட்டித் துணியும் வைத்து அடைத்தார் அப்பா. தரைக்குப் புகைபோட்ட ரப்பர் ஷீட். பெஞ்சுக்கு இலவம்பஞ்சு. பெயிண்ட் ரப்பர் ஆலைக் கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய பச்சை. அது பாதியில் தீர்ந்துபோகவே, பின்கதவுக்கு மாரியம்மன் கோயில் சுவரில் மிஞ்சிய நீலம். முன்னால் வருவதைப் பார்த்தால் ஆலை, பின்னால் போவதைப் பார்த்தால் கோயில். ஆறு கோழிக்குஞ்சுகள் வெளியேறிய பிறகு பின்பாதியும் குடும்பத்துக்குக் கிடைத்தது.

வண்டியின் வயிற்றில் இருந்த ஒரு பொருளை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். முன் அச்சின் நடுவே ஒன்று, பின் அச்சின் நடுவே ஒன்று என்று பல்சக்கரங்கள் அடங்கிய இரண்டு இரும்புருண்டைகள் இருக்கும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவை அவைதான். மாமா அவற்றைக் குடம் என்பார். முன்குடம் துருப்பிடித்துப் போயிருந்ததால் வேறொன்று கொண்டுவந்திருந்தார். அந்தப் பக்கத்தை வாசித்த அன்று அக்கா கேட்டாள்.

“மாமா, குடத்தத் தலகீழா மாட்டுனா என்னா ஆகும்?”

“வண்டிக்குக் கெழக்கு மேக்கு தெரியாமப் போயிரும்” என்றார் மாமா. அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தையும் தனக்குள் வாசித்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். கடைசி வேலை, முன்குடத்தை ஏற்றுவதுதான். அப்பாவும் அம்மாவும் மறுநாள் பூசைக்குச் சாமான் வாங்கப் பசாருக்குப் போயிருந்தார்கள். அக்கா உள்ளே பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்கடியில் தவழ்ந்து போனேன். மாமா கைத்துளைப்பானால் அச்சின் ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. சீண்டவும் சிரிக்கவும் ஆளில்லாத மாமாவின் முகத்தை அன்றுதான் அவ்வளவு அருகில் பார்த்தேன்.

“எதுக்கு மாமா ஓட்ட?”

அவர் துளைப்பதை நிறுத்தினார். “ஒனக்கு யாரு காது குத்துனா?”

“நீங்கதான். மடியில வச்சிக்கிட்டு.”

“வண்டி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு பாப்பா? அதுக்கும் மாமன்தான காது குத்தணும்.”

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. கம்மல் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு என்றார்.

மறுநாள் தோட்டமே கோயில் முன்னால் கூடிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் கொட்டிய மழையில் திடல் சகதியாகக் கிடந்தது. வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம். அதன் சதுர முகத்துக்குக் குங்குமம் நன்றாகவே பொருந்தியது. பூசாரி நான்கு சக்கரங்களின் முன்னும் எலுமிச்சம்பழங்களை வைத்தார். நானும் அக்காவும் அம்மாவும் பின் பெஞ்சில். அப்பா முன்னால், துரையைப் போல முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு. மாமா ஓட்டுநர் இருக்கையில்.

சும்மா ஓட்டியிருந்தால் வண்டி போயிருக்கும். பின் சக்கரங்கள் மட்டும் இழுத்துத்தான் காலையில் கோயிலுக்கு வந்தது. ஆனால் அப்பா விடவில்லை.

“நாலும் இழுக்கணும் மச்சான். மேட்டுல நாலும் இழுத்தாத்தான ஏறும். சாமி முன்னாடி நாலையும் போடுங்க.”

மாமா சிவப்புக் குமிழ் வைத்த சின்ன நெம்புகோலைத் தள்ளினார். எஞ்சின் உறுமியது. வண்டி சாமி வந்ததுபோல ஆடியது. சேறு முன்னாலும் பின்னாலும் பறந்தது. ஓர் அடிகூட நகரவில்லை. கூட்டத்தில் யாரோ தங்கள் வெள்ளை வேட்டியைப் பற்றி வருத்தத்துடன் ஏதோ சொன்னார்கள்.

எஞ்சினை அணைத்ததும் பூசாரி குனிந்து பார்த்தார். பின் சக்கரங்களின் பழங்கள் இரண்டும் கூழாகியிருந்தன. முன்னால் வைத்த இரண்டில் ஒன்று வைத்த இடத்திலேயே முழுசாக இருந்தது. இன்னொன்று எகிறி அவர் காலடியில் வந்து கிடந்தது, அதுவும் முழுசு.

“முன்னாடி ஆத்தா தடுக்குறா” என்றார் பூசாரி. “உத்தரவு இல்ல மண்டோரே.”

அம்மா மெல்ல அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆத்தாளே தன் கட்சியில் சேர்ந்துவிட்டதில் அவளுக்கு ஆறுதல்தான். ஆனாலும் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அப்பா முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாமா ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள். பூசாரியின் காலடியில் கிடந்த பழத்தை எடுத்துத் துடைத்தாள். பின் சக்கரத்துக்குப் பின்னால் தெறித்திருந்த சேற்றைப் பார்த்தாள். முன் சக்கரத்துக்கு முன்னால் தெறித்திருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னிலையிலும் தலையை வண்டிக்கடியில் விட்டாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். தலை வெளியே வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

“ஆத்தா தடுக்கல தாத்தா” என்றாள் பூசாரியிடம். “பின் சக்கரம் ஈப்போவுக்குப் போவப் பாக்குது. முன் சக்கரம் வீட்டுக்குத் திரும்பிப் போவப் பாக்குது. ரெண்டும் மல்லுக்கட்டுது.”

திடல் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மாமாவின் பக்கம் வந்து நின்றாள்.

“முன்குடத்தத் தலகீழா மாட்டிட்டீங்க மாமா. கவனிக்காம மாட்டிட்டீங்க.”

அந்தப் பழத்தை அவர் கையில் கொடுத்தாள். மாமா பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். மீசையிலெல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்பா சிரித்தார். வேட்டி பாழானவர்கூடச் சிரித்தார்.

“பட்டறையில பத்து வருசம், குடத்துக்கு மேல் கீழ் தெரியல. பாகுஸ்லா மச்சான், ரொம்ப நல்லாருக்கு ஒங்க வேல” என்று சுருட்டுக்காரர்கள் குரல் கொடுத்தார்கள்.

“பொண்ணு பாக்குற நெனப்புல பொருளப் பாக்கல” என்றார் இன்னொருவர்.

மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பாகம் கிடைக்காது, பினாங்கிலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கே மறுத்துப் பேசத் தெரிந்தவர் யாருமில்லை. அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் படுத்தார். அன்று மத்தியானச் சாப்பாடு கோயில் திடலிலேயே நடந்தது. அக்கா கையேட்டைப் பிரிக்காமலே ஆணிகளை எடுத்து எடுத்து நீட்டினாள். சாயங்கால மழைக்கு முன்பே குடம் சரியான பக்கம் திரும்பிவிட்டது.

நசுங்காத பழங்களை மறுபடியும் பயன்படுத்தலாமா என்ற நடைமுறைக் கேள்வி எழுந்தது. முன் சக்கரத்துப் பழங்கள் இன்னும் செல்லும் என்றும், பின் சக்கரத்துக்கு மட்டும் புதிது வேண்டும் என்றும் பூசாரி தீர்ப்பளித்தார். என் அலுவலக வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான ஒரு சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை. எங்கள் சமையல்கட்டிலிருந்து இரண்டு பழங்கள் வந்தன. நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டதாகப் பூசாரி அறிவித்தார். அம்மா திருநீற்றை எடுத்து அக்காவுக்கும் பூசினாள், வண்டிக்கும் பூசினாள்.

மறுநாள் இருட்டோடு அந்தச் செம்மண் மேட்டில் ஏறியபோது அப்பா ஓட்டினார். பின்னால் பள்ளிச் சீருடையில் அக்கா, பசாருக்கு இறங்க அம்மா, வேடிக்கை பார்க்க நான், வழியில் ஏறிக்கொண்ட இரண்டு குடும்பங்கள், பழைய உரிமையில் பெஞ்சுக்கடியில் அந்தக் கோழி. மேட்டின் உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கி, நான்கு கால்களாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. எல்லோரும் கத்தினோம். கோழியும்தான். முறையான பதிவுச் சடங்குகள் எல்லாம் பின்னர் நடந்தன, கொஞ்சம் பின்னர்.

பல ஆண்டுகள் அந்த வண்டி எங்களைச் சுமந்தது. அக்காவுக்குப் பிறகு அதே பெஞ்சில் நானும் ஈப்போ பஸ்ஸுக்குப் போனேன். அக்கா பல்கலைக்கழகம் போய், பௌதிகம் கற்பிக்கிறவளாகத் திரும்பி வந்தாள். மாமா அந்த ஆண்டே சுங்காய் பக்கம் சொந்தப் பட்டறை போட்டார். அங்கேயே பெண் எடுத்தார். அந்த அத்தை எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர். அந்த வீட்டில் எப்போதும் திருவிழாதான். மாதத்துக்கொருமுறை மாமா வந்து வண்டிக்கடியில் படுத்துவிட்டுப் போவார்.

முன் அச்சில் அவர் போட்ட அந்த ஓட்டை வீணாகிவிட்டதால் ஒரு குட்டை ஆணியை வைத்து அடைத்திருந்தார். அதுதான் கம்மல் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் மாமா வண்டிக்குக் காது குத்தியிருக்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஆணியின் ஓரமாக எண்ணெய் கசிந்து ஒரு சொட்டு, ஒரு சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். குத்திய காது ஆறவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்து நெடுநாள் கழித்து, எங்கள் அலுவலகத்தில் வண்டிகளைப் பரிசோதிக்கும் மூத்த அதிகாரி ஒருவரிடம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வகை வண்டியில் குடத்தைக் கவனக்குறைவாகத் தலைகீழாக மாட்டவே முடியாது என்றார். மாட்டிவிடக் கூடாதென்றே ஓர் ஆணித் துவாரத்தைத் தள்ளி வைத்திருப்பார்களாம். தலைகீழாக மாட்ட வேண்டுமென்றால் மெனக்கெட்டுப் புது ஓட்டை போட வேண்டும். கையேட்டிலேயே அது எழுதியிருக்கும் என்றும் சொன்னார்.

கையேட்டை வாசித்தது அக்கா. அன்று திடலில் வண்டிக்கடியில் தலையை விட்டுப் பார்த்ததும் அவள்தான்.

அவளிடம் நான் இதுவரை கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒன்று அடிக்கடி கண்முன் வருகிறது. ஈப்போவிலிருந்து திரும்பிய சாயங்காலங்களில், சீருடையைக்கூட மாற்றாமல், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சொட்டுக்கு நேர் கீழே வைப்பாள். சரியாக விழுகிறதா என்று குந்தியிருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து வருவாள். வாசலில் எண்ணெய்க்கறை படாமலிருக்க அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.